கிரேக்கத்து எள்ளு

கிரேக்கர்கள் 'இல்லை' என்று சொல்வதற்குத் தலையை மேலே தூக்குவார்கள். புருவமும் கூடவே மேலே போகும். நாக்கிலிருந்து 'ட்ச்' என்று ஒரு சத்தம் வரும். அத்தோடு கதை முடிந்தது. எங்களுக்கோ ஒருவர் அப்படித் தலையைத் தூக்கினால் 'என்ன?' என்று கேட்கிறார் என்று அர்த்தம். மொன்றியலில் நான் அந்தக் கிரேக்க முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாளைக்கு லீவு கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தலையைத் தூக்கினார். காதில் விழவில்லையாக்கும் என்று திரும்பக் கேட்டேன். திரும்பவும் தூக்கினார். நான் குரலை உயர்த்தினேன். அவர் கையிலிருந்த வாளியை நிலத்தில் வைத்துவிட்டு, இவளுக்கு மண்டை சரியில்லையா என்பதுபோலப் பார்த்தார்.

போதாக்குறைக்கு அவர்களுடைய மொழியில் 'நே' என்றால் ஓம், அதாவது ஆமாம். ஆங்கிலமும் பிரெஞ்சும் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன காதுக்கு அது 'நோ' என்றுதான் விழும். இல்லை என்பதற்கு என்ன என்றும், ஓம் என்பதற்கு இல்லை என்றும் விளங்கிக்கொண்டு எப்படி அங்கே காலம் தள்ளினேன் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. இதை ஒரு பகிடியாகத்தான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பகிடியின் மற்றப் பாதியை யாருக்கும் சொன்னதில்லை.

வேலை ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் ஒரு கிடங்கில். கிரேக்கத்திலிருந்து உப்புத் தண்ணீரில் ஊறிய ஒலிவ் காய்கள் பீப்பாய்களில் வரும். நாங்கள் அவற்றைச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்துக் கொடுக்க வேண்டும். செம்மறியாட்டுச் சீஸ், தேன், திராட்சை இலை எல்லாம் அப்படித்தான். குளிர்காலத்தில் விரல்கள் வெடித்துவிடும். வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போகும்போது, பாஸ்போர்ட்டை விமானத்தில் கிழித்துப்போட்டு இறங்கியது இந்தச் சுகத்துக்கா என்று எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஊரில் தட்டெழுத்துப் படிப்பித்தவள் நான். விரலில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

என்னோடு வேலை செய்த அக்கா அப்படிப் புறுபுறுக்க மாட்டார். மட்டக்களப்பு ஆள். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. கோட்-டெ-நெய்ஜில் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். பீப்பாயின் ஒரு பக்கம் அவர், மற்றப் பக்கம் நான். நான் 'பேந்து' என்பேன், அவர் 'மறுகா' என்பார். இரண்டுக்கும் பிறகு என்றுதான் அர்த்தம். "உங்கட யாழ்ப்பாணத்துப் பேந்து எப்பயும் வராதுகா, எங்கட மறுகா வந்திரும்" என்று சீண்டுவார். பெண்களை அவர்கள் 'கா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். முதலில் காகம் கத்துவதுபோல இருந்தது. பிறகு அதைக் கேட்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது என்றாகிவிட்டது.

அக்காவுடைய கணவர் தலைமுடி வெட்டப் போன ஆள். சலூன் கதிரையில் அவர் இருந்தபோது வெளியே இராணுவ ட்ரக் வந்து நின்றது. வலப்பக்கம் வெட்டி முடிந்திருந்தது, இடப்பக்கம் தொடவே இல்லை. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று சலூன்காரர்தான் ஓடிவந்து சொன்னாராம். அதற்குப் பிறகு எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்ற பதில்தான். அக்காவை அங்கே வைத்திருக்கப் பயந்து அவருடைய தமையன் காணியை விற்று ஏஜென்சிக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார். கணவர் வெளியில் வந்ததும் கனடாவுக்குக் கூப்பிடலாம் என்று சொல்லித்தான் அக்காவை விமானம் ஏற்றினார்கள்.

எங்கள் ஆட்கள் அக்காவைக் கண்டால் பேச்சுக்குப் பேச்சு, "வருவார், யோசியாதேங்கோ" என்பார்கள். நானும் சொன்னேன். சொல்லாமல் வேறென்ன செய்வது? அக்காவின் பொட்டும் தாலியும் இருந்த இடத்தில் இருந்தன. யாராவது 'ஐயோ பாவம்' என்ற குரலில் தொடங்கினால் எழுந்து போய்விடுவார். அவர் அழுது நான் கண்டதே இல்லை. ஒரு நாள் நானே வாயைக் கொடுத்துக் கேட்டேன், எப்படி அக்கா தாங்குறீங்கள் என்று. "அழுதா ஒத்துக்கொண்ட மாதிரியாப் போயிரும்கா. அவர் இரிக்கார்" என்றார். பிறகு ஒலிவ் காய்களை அள்ளத் தொடங்கினார். 'இரிக்கார்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இருந்தார்.

பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த காலத்தில், நகரத்தின் பெரிய மண்டபம் ஒன்றில் சர்வதேச உணவுச் சந்தை நடந்தது. நாட்டுக்கு ஒரு வரிசை. கிரேக்கத்திலிருந்து உற்பத்தி செய்பவர்களே நேரில் வருகிறார்கள் என்று முதலாளி ஒரு மாதமாகத் துள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய கடைக்கும் அங்கே இடம் கிடைத்தது. சாமான்களை வெட்டி, ருசி பார்க்கக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆங்கிலத்துக்கு என்னைப் பிடித்தார். சிரித்த முகத்துக்கு அக்காவைப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வராது என்பது அவருக்குத் தெரியும்.

நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஏப்ரன் கட்டி எங்களை நிறுத்தினார்கள். அகதி வழக்கு நிலுவையில் இருக்கும் இரண்டு இலங்கைத் தமிழ்ப் பெண்கள், கிரேக்க நாட்டின் சார்பில் "வெல்கம், பொன்ஜூர்" என்று நின்றோம். வந்திருந்த கிரேக்கர்களோ ஒவ்வொருவரும் ஒவ்வொரு தினுசு. எண்ணெய்க்காரர் தன் ஒலிவ் எண்ணெயைச் சின்னக் கிளாசில் ஊற்றி, வருபவர்களைப் பச்சையாகக் குடிக்கச் சொல்வார். குடித்தவர்கள் இருமுவார்கள், அவர் பெருமையாகச் சிரிப்பார். தேன்காரரிடம் இதில் சீனி கலந்திருக்கிறதா என்று ஒரு வெள்ளைக்காரி கேட்டுவிட்டாள். அவர் போத்தலைப் பறித்து மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறாத கோபக்காரர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

எங்கள் வரிசைக்கு அப்பால் எங்கள் நாட்டுக்கும் ஒரு கடை இருந்தது. சிங்கக்கொடி, யானைப் படம், தேயிலை. கோட் போட்ட இரண்டு பேர் வருபவர்களுக்குக் கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக்குப் போகும் நேர்வழி அதன் முன்னால்தான். நாங்கள் ஜப்பானைச் சுற்றிப் போனோம். ஒரு தரம் அக்கா நின்று அந்தக் கொடியையே பார்த்தார்.

"இவங்களட்டக் கேட்டாத் தெரியுமாகா?"

"என்னத்தையக்கா?"

"அவர எங்க வச்சிரிக்காங்கெண்டு."

நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தேயிலை விற்க வந்தவர்களுக்கு என்ன தெரியும்? தெரிந்தாலும் சொல்வார்களா? மேசைக்கு வந்து சேரும்வரை கையை விடவில்லை.

எங்களுக்குக் கொடுத்த மேசை ஒரு கிரேக்க அம்மாவுடையது. தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்பு. ஏதோ ஒரு தீவு. தன் வீட்டு முற்றத்தில் எள்ளையும் தேனையும் காய்ச்சித் தட்டையாகத் தட்டி, துண்டு துண்டாக வெட்டி விற்கிறவர். ஆங்கிலம் ஓரிரு சொல்தான். பெட்டியைத் திறந்தபோது அக்காவும் நானும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தோம். அது எங்கடை எள்ளுப்பாகுக்கு உறவுக்காரி மாதிரி இருந்தது. மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சந்தோஷம். அக்காவின் முகம் மாறிவிட்டது.

எங்கள் பழக்கம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். எள்ளைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் உறவு அறும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்வார். கையில் எள்ளு விழுவது செத்தவருக்குச் செய்யும்போது மட்டும்தான். 'அவருக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சாச்சு' என்றால் அந்த மனிதனுடைய கதை முடிந்தது என்று அர்த்தம்.

ஆகவே அக்கா ஒவ்வொரு துண்டையும் கடதாசியில் வைத்து, மேசை ஓரத்தில் தள்ளிவிட்டு, "பிளீஸ், டேக்" என்று சிரித்தார். ஆட்களோ நின்று எடுக்கப் பொறுமை இல்லாமல் நடந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கையில் திணித்தால்தான் வாங்குவார்கள். தேன்காரரின் மேசையில் சனம் நெரிந்தது. எங்கள் மேசையில் எள்ளுத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. முதலாளி ஓடிவந்து, கையில் கொடுங்கள், கையில் கொடுங்கள் என்று கத்தினார். எனக்குக் கோபம் வந்தாலும் சம்பளம் தருகிறவர் சொல்வதைக் கேட்கத்தானே வேண்டும். நடுவில் கடதாசி இருக்கிறது, தோஷமில்லை என்று நானே ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கிக்கொண்டு கொடுக்கத் தொடங்கினேன்.

"நீங்களும் அப்பிடிக் குடுங்கோ அக்கா. இவங்கள் வெள்ளைக்காரர், இவங்களோட எங்களுக்கு என்ன உறவு, அறுறதுக்கு?"

"நீ குடுகா. எனக்கு ஏலாது. அவர் வெளிய வரட்டும், மறுகா பாப்பம்."

கொடுப்பது முழுக்க என் தலையில் விழுந்தது. அக்கா வெட்டி வெட்டி மேசையில் வைக்க, நான் எடுத்து எடுத்து நீட்டினேன்.

கறுப்பு உடுப்பு அம்மா இதையெல்லாம் கவனித்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் மேசைக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள், பெட்டிகளின் மேல் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அவர் தன் மோதிரத்தைத் தொட்டுக் காட்டினார். அலை எழுவதுபோலக் கையை அசைத்தார். கண்ணை மூடித் திறந்து, தன் கறுப்புச் சட்டையின் கையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். கடல் கொண்டுபோன மனிதன் என்று எங்களுக்கு விளங்கியது. பிறகு அக்காவுடைய தாலியை மெல்லத் தொட்டார்.

"ஹஸ்பண்ட்? ஓகே?"

அக்கா தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். ஓம், இருக்கிறார், சுகம், கடவுள் காப்பாற்றுவார் என்று எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் ஆட்டுவோமே, அந்த ஆட்டல். வாய் சிரித்தது. கண் மட்டும் நிறைந்துவிட்டது. அந்த அம்மா 'ஆ' என்று நெஞ்சில் கை வைத்து, மூன்று விரலைச் சேர்த்துச் சிலுவை போட்டு, அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஓம் என்றுதானே அக்கா சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். நாளைக்குச் சனிக்கிழமை, விடியவே கோவிலில் பெரிய பூசை, அந்த அம்மா உன் கணவரின் பெயரையும் கொடுக்கப் போகிறாராம், பெயரைச் சொல்லு என்று அக்காவிடம் கேட்டார். வழக்கத்துக்கு மாறாகக் குரல் தணிந்திருந்தது. நான் தமிழில் சொன்னதும் அக்காவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். அர்ச்சனைதானே! கணவரின் பெயரைச் சொன்னார். பெயர் மட்டும் போதாது என்று, "உத்தரட்டாதி நட்சத்திரமெண்டும் சொல்லுகா" என்றார். நட்சத்திரத்தைக் கிரேக்கனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நான் வெறுமனே 'உத்தரட்டாதி' என்றேன். முதலாளி அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, அட்டைப்பெட்டி மூடியின் பின்பக்கத்தில் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

அன்று மெட்ரோவில் அக்கா கதைத்துக்கொண்டே வந்தார். கோட்-டெ-நெய்ஜில் மலைமேல் இருக்கும் பெரிய கத்தோலிக்கக் கோவிலில் ஏற்கெனவே மெழுகுதிரி கொளுத்திவிட்டார். ஊரில் மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். இனிக் கிரேக்கர் கோவில்தான் பாக்கியாக இருந்தது.

"எந்தச் சாமியெண்டா என்னகா. கேட்டதக் குடுத்தாச் சரி."

"கிரேக்கச் சாமி குடுத்தா, முதலாளிக்கு ஒரு வருசம் சம்பளம் வாங்காமல் வேலை செய்வம்" என்றேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எதிரில் இருந்த பிரெஞ்சுக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை அந்த அம்மா கோவிலிலிருந்து நேராக வந்தார். கையில் ஒரு வெள்ளைக் கடதாசிப் பை. திரைக்குள் எங்களைக் கூப்பிட்டு அதைத் திறந்தார். அவித்த கோதுமை, சீனி, மாதுளை முத்து, வாதுமை. பிரசாதம் என்று நினைத்து நான் கையை நீட்டிவிட்டேன். எங்கள் கோவில் கடலையைவிட எவ்வளவு பணக்காரப் பிரசாதம் என்றுகூட நினைத்தேன். அக்கா நீட்டவில்லை. கோதுமைக்கு நடுவில் வறுத்த எள்ளு கிடந்ததைக் கண்டுவிட்டார்.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். பைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, சிலுவை போட்டு, வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "கடவுள் உன் கணவரை மன்னிக்கட்டும். உனக்கு ஆயுள் நீளட்டும்" என்றார்.

"ஏன் மன்னிக்க வேண்டும்? அவர் என்ன செய்தார்?" என்று நான் கேட்டேன்.

முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இன்றைக்கு ஆத்துமாக்களின் சனிக்கிழமை என்றார். நோன்புக்கு முன்னால் வரும். செத்தவர்களின் பெயர்களைக் குருவானவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். இந்தக் கோதுமையை அவர்களுக்காக அவித்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். இந்த அம்மா இரவு என் வீட்டு அடுப்பில் தன் கணவருக்காக அவித்தார், உங்கள் அக்காவின் கணவருக்காகவும் சேர்த்து அவித்தார் என்றார்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஆர் சொன்னது அவர் செத்திட்டாரெண்டு?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் கத்தினேன்.

"உங்கள் அக்காவேதான் சொன்னார். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டதற்கு இல்லை என்றார்" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு அக்கா ஆட்டியதுபோலத் தன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது: தலையை அப்படி ஆட்டினால், மற்ற வெள்ளைக்காரரைப்போல, அவர்களுக்கும் இல்லை என்றுதான் அர்த்தம். முதலாளிக்கும் என் முகத்தைப் பார்த்து விளங்கியது. உயிரோடு இருப்பவனுக்குச் செத்தவர்களின் பூசை செய்வது அவர்களிடத்திலும் பெரிய அபசகுனம். அவருடைய உதடு வெளிறிவிட்டது. எங்களுடைய பேச்சு ஒன்றும் விளங்காமல் அந்த அம்மா பையைப் பிடித்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அக்காவிடம் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். மறைக்க என்னால் முடியவில்லை. சொல்லச் சொல்ல எனக்குத்தான் அழுகை வந்தது. "கவலைப்படாதேங்கோ அக்கா, இது பிழையா விளங்கினதாலை வந்தது. இப்பவே முதலாளியைக் கொண்டு அந்த மனுசிக்குச் சொல்லுவிக்கிறன். திரும்பப் போய்ப் பேரை வெட்டச் சொல்லுவம்."

அக்கா பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கோயில்ல இவ அழுதாவாமாகா? கேளு" என்றார்.

முதலாளி கேட்டார். அந்த அம்மா 'நே, நே' என்றார். இரண்டு பெயரும் வாசிக்கும்போது அழுதேன் என்றாராம். குருவானவருக்கு உங்கள் ஆளின் பெயர் வாயில் நுழையவில்லை, ஆனாலும் உத்தரட்டாதி வரைக்கும் முழுவதும் வாசித்தார் என்றாராம்.

"சொல்லாதகா" என்றார் அக்கா.

"என்னத்தை?"

"பிழையெண்டு இவவுக்குச் சொல்லாத. எல்லாரும் எனக்கு வருவார், வருவார் எண்டுதானே சொல்றாங்க. அவருக்கெண்டு ஒருத்தரும் அழல்ல. நானும் அழல்ல. இவதான் அழுதிரிக்கா."

சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. நான் தடுக்க நினைத்தேன், கை எழவில்லை. அந்த அம்மா பையைச் சரித்தார். கோதுமையும் மாதுளையும் எள்ளும் அக்காவின் கையில் விழுந்தன. ஒலிவ் உப்பில் வெடித்த விரல்களை மடித்து, ஓர் எள்ளும் சிந்தாமல் பிடித்துக்கொண்டார். பிறகு வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"இனிப்பா இரிக்குகா" என்றார்.

அதற்குப் பிறகு அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. "மத்தப் பாதித் தலைய ஆர் வெட்டினாங்களோ, அப்பிடியே விட்டாங்களோ" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதார். கறுப்பு உடுப்பு அம்மா அவரை மடியில் சாய்த்துக்கொண்டு தன்னுடைய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அவர்களோடு பெட்டிகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்துவிட்டேன். திரைக்கு வெளியே சனத்தின் இரைச்சல். நடுவில் எட்டிப் பார்த்தேன். எங்கள் முதலாளி, எப்போதும் கத்துகிற அந்த மனிதர், அக்காவின் ஏப்ரனைத் தன் தொந்தியில் கட்டிக்கொண்டு எள்ளுத் துண்டுகளை ஆட்களின் கையில் கொடுத்துக்கொண்டு நின்றார். அக்கா சொல்ல வேண்டாமென்றதை நான் அவரிடம் சொல்லியிருந்தேன்; அந்த அம்மாவுக்கு அவர் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மாவுக்கு அங்கே பெரிய வியாபாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. மிஞ்சிய பெட்டிகளை முதலாளியே வாங்கிக்கொண்டார். போகும்போது அந்த அம்மா அக்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

திங்கட்கிழமை கிடங்கில் அந்தப் பெட்டிகளை அடுக்கினோம். உடைந்த ஒரு பெட்டியிலிருந்து எள்ளுத் துண்டுகளை எடுத்து நான் அக்காவிடம் நீட்டினேன். சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகு இனி என்ன என்று நினைத்துவிட்டேன். அக்கா கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"கீழ வைகா. எடுக்கிறன்."

"அண்டைக்குக் கையிலை வாங்கினீங்கள்தானே?"

"அது அவங்கட கோயில் எள்ளு. இது கடை எள்ளு."

பொட்டு இருந்த இடத்தில் இருந்தது. தாலியும் இருந்தது. யாரோ வந்து உங்கட அவரைப் பற்றி ஏதும் அறிஞ்சீங்களோ என்று கேட்க, "அவர் இரிக்கார்" என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோபம்கூட வந்தது. அப்படி அழுத மனுஷி திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறாரே என்று.

அடுத்த வருஷம் பனி உருகும் காலத்தில் அக்கா என்னிடம், அந்தச் சனிக்கிழமை இந்த முறை எப்ப வருகுதெண்டு முதலாளியிட்டக் கேட்டுச் சொல்லுகா என்றார். கேட்டேன். அன்றைக்கு அக்காவுக்குக் காலையில் லீவு வேண்டும் என்றும் கேட்டேன். எந்த லீவுக்கும் தலையைத் தூக்குகிற முதலாளி, நான் கேட்டு முடிக்கும் முன்பே "நே" என்றார். அந்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷங்களிலும், அக்கா அந்தக் கோவிலுக்குத் தனியாகப் போய் வந்தார். என்ன நடந்தது என்று சொல்லமாட்டார். நானும் தோண்டவில்லை.

நான் ரொறொன்ரோவுக்கு மாறிப்போகும் வருஷம் கூடப் போனேன். கோவில் முழுக்கக் கறுப்பு உடுப்புப் பெண்கள். நடுவில் தட்டுத் தட்டாகக் கோதுமை, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுதிரி. அக்கா அவர்களுக்குள் போய் நின்றார். குருவானவர் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். எனக்குத் தெரியாத மொழியில், தெரியாத பெயர்களுக்கு நடுவில், திடீரென்று 'உத்தரட்டாதி' என்று கேட்டது. அக்கா குரல் எடுத்து அழுதார். பக்கத்தில் நின்ற கிழவிகளுக்கு அது புதினமாக இல்லை. ஒருத்தி அவருடைய முதுகைத் தடவினாள். முடிந்ததும் கோதுமை கொடுத்தார்கள். அக்கா கையை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

வெளியே படிகளில் வந்து நின்று முகத்தைத் துடைத்தார். பொட்டைச் சரி செய்தார். கோட்டுக்குள் கிடந்த தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு உள்ளே போட்டுக்கொண்டார்.

"உள்ளுக்க அவர் செத்த ஆள்கா. வெளிய வந்தா இரிக்கார்" என்றார். யாரோடோ கோபித்துக்கொண்டவர்போல இருந்தது குரல்.

நான் நாளைக்குப் போகிறவள். இனி எப்போது காண்பேனோ தெரியாது. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, எங்கடை முறைப்படி ஒருக்கால் செய்ய வேணுமெண்டு மனம் சொல்லேல்லையோ?"

அக்கா என்னைப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அத்தனை காலம் கிரேக்கர்களோடு வேலை செய்ததில் எனக்கு அது ஓமா, இல்லையா என்று தெரியவில்லை. திரும்பக் கேட்க மனம் வரவில்லை.